பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிலாளர் வரலாறு

(பெரம்பூரில் நூல் தொகுப்புக் குழுவின் சார்பில், உதவியோருக்கு நன்றி கூறி ஆற்றிய உரை)



பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சிறு நூலாக முடித்திருக்கிறோம். நாங்கள் எழுதினோம் என்பது சரியல்ல. நீங்கள் கொடுத்ததைத் தொகுத்தோம்.

பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் 1996-ல் மூடப்பட்டன. பாட்டன் ஆயுள் முழுதும் தறி ஓட்டிய வீட்டில், பேரனுக்கு அந்த ஆலையின் பெயர் தெரியவில்லை. குற்றம் பேரனுடையதல்ல, சொல்லாமல் விட்டவர்கள் நாம்.

வேலையைத் தொடங்கியபோது எங்கள் கையில் தேதிகள்தாம் இருந்தன. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றனர், பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. தோள் கொடுத்தார். இதை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? ஓய்வுபெற்ற நெசவுத் தொழிலாளர் ஒருவர்தாம் வழி காட்டினார். சோற்று நேரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். உண்மைதானே! அரை மணிக்குள் கை கழுவி, உண்டு, மறுபடி தறிக்கு ஓட வேண்டும். அது போதாது என்பது சங்கத்தின் முதல் கோரிக்கைகளுள் ஒன்று. பள்ளி மணிக்குப் பயந்து அள்ளி விழுங்கும் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். அந்தப் பெரியவருக்கு முதல் நன்றி.

சங்கம் நடத்திய வாடியா மீது கம்பெனி வழக்குத் தொடுத்ததையும், அதன் பின் எழுந்த கிளர்ச்சியால் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததையும் எளிய தமிழில் எழுதித் தந்த வழக்கறிஞருக்கும் நன்றி. (மூன்று முறை திருத்தச் சொன்னோம், அவர் கோபிக்கவில்லை.) மாமனாரின் சந்தா ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் காத்து வைத்திருந்த தாயாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு பக்கத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குள் போனார்கள். தொழிலாளி தொழிலாளியோடு மோதினான். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீசாரின் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், ஒற்றுமைக்குப் பங்கம் வரும் என்றார்கள் சிலர். எங்களிலும் இருவர் அவ்வாறே நினைத்தோம்; ஒளிக்காமல் சொல்கிறோம். அப்போது புளியந்தோப்பிலிருந்து வந்த ஓர் ஆசிரியை, தம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தக் குடிசைக்காரரின் வழிவந்தவர்கள் என்று நினைவூட்டினார். அந்தப் பக்கம் இல்லாத நூலைத் தம் வகுப்பில் வைக்க மாட்டேன் என்று எழுந்தே விட்டார்.

அவரை உட்கார வைத்து, இரவு பத்து மணி வரை பேசினோம். அவர்கள் கருங்காலிகள் என்ற ஒரு சொல்லோடு விஷயத்தை முடித்துவிட முடியாது. சேரியில் பட்டினி தாங்கும் சக்தி எவ்வளவு, அவர்களுடைய நம்பிக்கையைப் பெறச் சங்கம் என்ன செய்தது, சாதி எங்கே குறுக்கே நின்றது என்ற கேள்விகளை நூலில் கேட்டிருக்கிறோம். கம்பெனி அந்தப் பிளவால் அடைந்த லாபத்தையும் எழுதியிருக்கிறோம். ஆசிரியைக்கு நாங்கள் நன்றி மட்டுமல்ல, மன்னிப்பும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும், 1928-ன் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தமும் அடுத்த நூலுக்கு. ரயில்வேக் குடும்பத்தார் பழைய கடிதம், படம் எதையும் எடைக்குப் போடுமுன் எங்களுக்குக் காட்டுங்கள்.

வாங்கிய ரசீதுகளையும் படங்களையும் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறோம். உறைகளின் மேல் பெயர் இருக்கிறது. வாசல் மேசையில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.