பார்க்காததைப் பார்த்ததாக எழுதாத கரம்

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மதரஸாவில் ஓதியவன். கணக்கியல் படித்தவன் அல்லன். எனினும், சி.ஏ. படிப்பில் சேர்ந்துள்ள நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். அதற்குக் காரணமாய் அமைந்தது நம் பள்ளிவாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

சென்ற ஆண்டு நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்ய, ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பயிற்சி மாணவர் ஒருவர் வந்திருந்தார். ரமளான் நோன்புக் கஞ்சிக்கு விறகு வாங்கிய வகையில் 2,400 ரூபாய் செலவு எழுதப்பட்டிருந்தது. வாங்கியவன் நான், சீட்டு வாங்கி வைக்கவில்லை. அந்தப் பிள்ளை பணிவுடன், "ஹஜ்ரத், இதற்குப் பில் இருக்கிறதா?" என்று கேட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "இமாமையே சந்தேகிக்கிறாயா தம்பி?" என்று சினந்தார். அதற்கு அவர், "சந்தேகம் இல்லை, பெரியவரே. நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது" என்றார்.

நான் விறகுக் கடைக்குச் சென்றேன். கடைக்காரரின் ஏட்டில் 2,250 என்றிருந்தது! மீதி 150 ரூபாய் வண்டிக்கூலி என்பது, திரும்பி வரும் வழியில்தான் நினைவிற்கு வந்தது. நினைவு வரும்வரை அந்தச் சில நிமிடங்கள் நான் பட்ட வேதனையை அல்லாஹ்வே அறிவான். அமானிதத்தைப் பேண நல்லெண்ணம் மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும் என்பதை ஓர் இளைஞர் எனக்குக் கற்பித்தார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதைப் பல முறை பயானில் கூறியவன் நான். அதன் பொருள் அன்றுதான் என் கைக்கு வந்தது.

பெற்றோர்களே! ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் இப்பயிற்சி யாது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இப்படிப்பை நடத்துகின்றது. முன்னர் மூன்றாண்டுகளாக இருந்த பயிற்சி, 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டுகளாயிற்று. இடைநிலைத் தேர்வின் இரு பிரிவுகளிலும் தேறிய மாணவர், ஓர் ஆடிட்டரிடம் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து பணியில் சேர்கின்றார்.

அங்கு அவர் ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சரை எடுத்து, தேதி, தொகை, பெற்றவர் பெயர், அனுமதித்தவர் கையொப்பம் ஆகியவற்றை ஒப்பிடுகின்றார். ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் சரிகட்டிப் பார்க்கின்றார். ஆண்டு முடிவில் கிடங்கிற்குச் சென்று சரக்கு மூட்டைகளை எண்ணுகின்றார். செப்டம்பர் நெருங்கினால் வரித் தணிக்கை வேலையால் இரவு வெகுநேரம் ஆகின்றது. வீடு திரும்பிய பின்னரே பாடநூலைத் திறக்கின்றார். இறுதித் தேர்விலோ ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், பிரிவின் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றாக வேண்டும்.

இவ்வளவிற்கும் கிடைப்பது சிறு உதவித்தொகையே. "உடன் படித்தவன் வெளிநாட்டில் சம்பாதிக்கின்றான், நீ பஸ் செலவுக்குக் கை நீட்டுகின்றாய்" என்ற சொல் நம் வீடுகளில் கேட்கின்றது. அச்சொல்லால் மனம் உடைந்து பாதியில் விட்ட பிள்ளைகளை நான் அறிவேன். இன்னும் சிலருக்கு ஒரு குறுக்கு வழி காட்டப்படுகின்றது. பெயரளவில் ஓரிடத்தில் பதிவு செய்துவிட்டு, பணிக்குச் செல்லாமலேயே வந்ததாகக் கையொப்பமிட்டுத் தேர்வுக்கு மட்டும் படிப்பது! கழகம் இதனைத் தடை செய்துள்ளது. கண்டறியப்பட்டால் பயிற்சிக் காலமே செல்லாது போகக்கூடும். அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. பொய்க் கையொப்பத்தைக் கண்டுபிடிக்கக் கற்க வேண்டியவர், பொய்க் கையொப்பத்தோடு தொழிலைத் தொடங்குகின்றார்.

அதன் முடிவு எங்கே என்பதற்குச் சத்யம் நிறுவனம் சான்றாகும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அந்த இருப்புக்குக் காட்டப்பட்ட வங்கி ஆவணங்கள் போலியானவை. வங்கியின் இருப்புச் சான்றை நிறுவனத்தின் கையிலிருந்து பெறாமல், வங்கியிடமே நேரில் கேட்டுப் பெற வேண்டும் என்பது பயிற்சி மாணவரும் கற்கும் பாடம்! 2015இல் ஹைதராபாத் விசாரணை நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் தணிக்கையாளர் இருவரும் இருந்தனர்.

ஆகவே மாணவர்களே! வவுச்சரைப் புரட்டுவது சலிப்பூட்டும் வேலை என்று எண்ணாதீர்கள். உங்கள் கையொப்பத்திற்கு மதிப்புப் பிறப்பது அங்கேதான். பெற்றோர்களே! இரண்டாண்டுகள் பொறுத்திருங்கள், பிள்ளையின் உதவித்தொகையைப் பக்கத்து வீட்டுச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். நிர்வாகிகளே! இயலாத குடும்பத்துப் பயிற்சி மாணவர்களின் போக்குவரத்துச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் நம் கல்வி நிதி ஏற்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கின்றேன். அச்செலவுக்கும் சீட்டு வாங்கி வைப்போமாக!

நம் பிள்ளைகளின் கரங்களை உண்மையை மட்டுமே எழுதும் கரங்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.