அபயம் தேடி வந்த பறவைகள்



வேட்டை மார்க்கத்தில் ஆகுமானதே. எனினும் அதற்கு எல்லைகள் உண்டு. இஹ்ராம் நிலையில் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவதை அல்லாஹ் தடுத்துள்ளான் (5:95). மக்கா, மதீனா ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் கூடாது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள்.

திருப்பருத்திக்குன்றத்து மக்களாகிய நாம் வேடந்தாங்கலை அறிவோம். வேடர் தங்கிய இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்குப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

“பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தால் போதுமே” என எண்ணி, ஏரிகளில் கொக்குக்கும் காட்டுத் தாராவுக்கும் வலை விரிக்கலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்திற்கு வெளியேயும் இதனைத் தடுக்கிறது. பொதுநலன் காக்கும் சட்டத்தை மீறுவது முஃமினுக்கு அழகன்று. தாய் வலையில் சிக்கினால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் மடியும்.

குடும்பத்துடன் சென்று அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு வாருங்கள். கூச்சலிடாதீர்கள், குப்பை எறியாதீர்கள், கூடுகளை நெருங்காதீர்கள்.

வாயற்ற ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் நன்மக்களாய் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.