கட்டைவிரல் 30 சதவீதம்

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

என்னை தலித் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் தலைப்பை மாத்திக் கேட்டேன். சமீபத்தில் நான் படித்ததிலேயே தூக்கத்தைக் கெடுத்த எழுத்து ஒரு கவிதை இல்லை, ஒரு அட்டவணை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அப்புறம் வந்தவங்க திருத்தித் திருத்தி வச்சுக்கிட்டாங்க. வாசிக்கிறேன், கேளுங்க.

இரண்டு கையும் போனால் 100. ஒரு கண் போய் மறுகண் நல்லா இருந்தால் 40. ஒரு கையில் நான்கு விரல் போனால் 50. கட்டைவிரல் 30. ஆட்காட்டி விரல் முழுசாப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. எலும்பு சேதமில்லாமல் ஆட்காட்டி விரல் நுனி மட்டும் துண்டானால் 5.

சம்பாதிக்கும் சக்தியில் இத்தனை சதவீதம் போச்சுன்னு அர்த்தம். வலிக்கு இந்த அட்டவணையில் இடமில்லை. அவமானத்துக்கும் இல்லை. கறிக்கடையில் தொடை இவ்வளவு, ஈரல் இவ்வளவுன்னு எழுதிப் போட்ட மாதிரி இருக்கு. ஏகலைவன் கொடுத்தது 30 சதவீதம். வாங்கினவருக்கு இன்னைக்கும் பேர் ஆச்சாரியார்.

இந்தச் சட்டத்தின் பேரை 2009இல் ஊழியர் நட்டஈட்டுச் சட்டம்னு மாத்தினாங்க. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அமலுக்கு வந்ததோடு அது தனிச் சட்டமாக இல்லாமல் போச்சு. தொகுப்பின் ஏழாவது அத்தியாயத்தில் இப்போ அது இருக்கு. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம்தான். எண்களும் நோய்ப் பட்டியலும் பெரும்பாலும் பழசேதான், புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது. வேலைக்குப் போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் நடக்கிற விபத்தையும் இப்போ சேர்த்திருக்காங்க. விடியற்காலை லோடு வண்டியில் நெருக்கியடிச்சு நின்னு போற நம்ம சனங்களுக்கு அது தெரியணும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டறேன். கணக்கு என் பிழைப்பு, பொறுத்துக்கங்க.

எங்கள் கிளைக்கு ஒருத்தர் வருவார். ஆறு பேர் வேலை செய்கிற தோல் ஜாப் ஒர்க் பட்டறையில் மிஷின் வேலை. பத்துப் பேருக்குக் கீழே என்பதால் ஈஎஸ்ஐ கிடையாது. அவருடைய இடது கட்டைவிரலை மிஷின் எடுத்துக்கிச்சு. படிப்பில்லை, கைநாட்டு. பேங்க் வழக்கத்தில் ஆம்பளைக்கு இடது பெருவிரல் ரேகை, பொம்பளைக்கு வலது. பணம் எடுக்கும்போது அவர் வலது விரலை மையில் வைத்தார். பக்கத்து சீட்காரர், "அது லேடீஸ் வைக்கிறதுய்யா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். விரல் இல்லாதவரிடம் எந்த ரேகை வாங்கலாம், யார் சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு எங்க புத்தகத்தில் தெளிவா இருக்கு. எடுத்து மேலே நீட்டினேன், பத்து நிமிஷத்தில் முடிஞ்சது. அன்றைக்குச் சாயங்காலம் அவரோடு டீ குடித்தபோதுதான் கேட்டேன், விரலுக்கு என்ன கொடுத்தாங்கன்னு. "ஆஸ்பத்திரிச் செலவு பூரா மொதலாளியே பாத்துக்கிட்டார் சார். கையில பதினஞ்சாயிரம் குடுத்தாரு. நல்ல மனுசன்."

அவருக்கு அப்போ வயசு 35. மாசக் கூலி 10,000. நிரந்தர ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம், அதாவது 6,000. அதை வயசுக்குரிய காரணி எண்ணால் பெருக்கணும். 35 வயசுக்கு 197.06. வருவது 11,82,360. அதில் 30 சதவீதம் 3,54,708. நல்ல மனுசன் கொடுத்தது பதினஞ்சாயிரம்.

நல்ல மனுசன் என்ற சொல்லைத்தான் நாம் உடைக்கணும். பண்ணையார் காலத்தில் தீபாவளிக்குக் கொடுத்த வேட்டி மாதிரி, சட்டப்படி வரவேண்டிய கடனைத் தருமமாக மாத்திக் கொடுக்கிறாங்க. வாங்குகிறவன் கும்பிட்டு வாங்குறான். சட்டம் என்ன சொல்லுதுன்னா, முதலாளி மேல் தப்பு இருக்கா இல்லையா என்ற பேச்சே வேண்டாம். வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் பட்டால் போதும், அவர் பொறுப்பு. குடிச்சிருந்தான், பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினான்னு சொல்லித் தப்பிக்க ஒரு சந்து இருக்கு. ஆனால் செத்துப்போனாலோ முழு நிரந்தர ஊனமானாலோ அந்தச் சந்தும் அடைபட்டிருக்கு. நம்ம ஆள் செத்தா முதல்ல கிளம்புகிற வதந்தி "குடிச்சிருந்தான்" என்பதுதானே? குடிச்சிருந்தாலும் கொடுக்கணும்.

இன்னொன்று. அட்டவணை எண் முடிவான எண் இல்லை. உச்சநீதிமன்றத்தில் 1970களின் நடுவில் ஒரு தச்சர் வழக்கு வந்தது. இடது கை முழங்கைக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. அட்டவணைப்படி பார்த்தால் முழு ஊனம் இல்லை. ஒற்றைக் கையால் எப்படித் தச்சுவேலை செய்வது, அவர் தொழிலுக்கு இது 100 சதவீத இழப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த அன்றே பணம் கொடுக்கவேண்டிய கடமை பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாசத்துக்குள் கொடுக்கலைன்னா 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லைன்னா 50 சதவீதம் வரை அபராதம்.

விபத்தாவது கண்ணுக்குத் தெரியும். நோய்க்கு வருவோம். மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்கள் இருக்கு. அந்தப் பட்டியலைச் சேரியை மனசில் வச்சுக்கிட்டுப் படிங்க. செத்த மாட்டையோ அதன் பாகங்களையோ கையாளுகிற வேலையில் தொற்றுகிற நோய் முதல் பகுதியிலேயே வருது. குரோமியமும் அதன் நச்சுக் கூட்டுப்பொருள்களும் உண்டாக்குகிற நோய் இரண்டாம் பகுதியில். கல்லுடைக்கிறவனுக்கு வருகிற சிலிக்கோசிஸ், பஞ்சு மில்லில் வருகிற பைசினோசிஸ் மூன்றாம் பகுதியில். பட்டியல் போட்டவனுக்குச் சாதி தெரியாது. ஆனா பட்டியல் முழுக்க நம்ம சனம் நடமாடுது. தோலும் செத்த மாடும் கல்லும் யார் தலையில் கட்டப்பட்டதுன்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலையாட்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்கிவைத்தது என்று அண்ணல் 1936இல் எழுதினார். நோயையும் அப்படியே பிரித்து அடுக்கியிருக்கு.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மயிர் நீக்கப் போடுகிற சோடியம் சல்பைடு தோலைத் தின்னும், மாட்டுத்தோல் மனுசத்தோல் என்று பேதம் பார்க்காது. குரோமேட் தூசி மூக்குத் தண்டிலேயே ஓட்டை போடும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுவிட்டுப் போன கழிவுமேடு பல பத்து வருஷம் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தது. வேலூர் மாவட்டத் தோல்கழிவு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே கொடுக்கணும் என்றது. அங்கே பேச்சு நிலத்தையும் ஆற்றையும் பற்றி. தொட்டிக்குள் நின்றவனின் காலைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. இரண்டாம் பகுதி நோய் என்றால், ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக ஆறு மாசத்துக்குக் குறையாமல் அந்த வேலை செய்திருந்தால், நோய் வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளணும். இல்லைன்னு நிரூபிக்கிற பாரம் முதலாளி மேல். கேட்க நல்லா இருக்கு. ஆனா மேஸ்திரி நாலு மாசத்துக்கு ஒருக்கா ஆளை மாத்தறான். மஸ்டர் ரோலில் பேரே இல்லை. டாக்டர் "அலர்ஜி, களிம்பு தடவு" என்று எழுதித் தருகிறார். கல்குவாரியில் பதினைந்து வருஷம் தூசி தின்னவனுக்கு டிபி மாத்திரை கொடுத்து அனுப்புறாங்க. சிலிக்கோசிஸ் என்ற ஒரு சொல் சீட்டில் ஏறாததால் வழக்கே பிறக்காமல் செத்துப்போகுது. நோயாளியிடம் "என்ன வேலை செய்யறே?" என்று கேட்டு அதைச் சீட்டில் எழுதுகிற டாக்டர் வேணும். இங்கே மருத்துவம் படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் சொல்றேன்.

மலக்குழி பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. உள்ளூராட்சி எல்லைக்குள் சாக்கடைக் குழாய், செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறவர் நட்டஈடு பெறத் தகுதியானவர் என்று இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி உண்டு. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்னுடுச்சு, காற்று சரியாயிடுச்சுன்னு நினைக்கிற நேரத்தில்தான் ஆள் விழுகிறார். தூக்கப் போன தம்பி விழுகிறான், அவனைத் தூக்கப் போன மச்சான் விழுகிறான். 1993இல் ஒரு தடைச்சட்டம், 2013இல் இன்னொன்று. 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்கு 10 லட்சம். இது தீர்ப்பு வழியாக வருகிற பணம். மற்றபடி, தலித் ஒருவரை மலம் அள்ள வைப்பது வன்கொடுமைச் சட்டத்திலேயே 2015ஆம் வருஷத் திருத்தத்தால் குற்றம். முதல் தகவல் அறிக்கையில் வெறும் "கவனக்குறைவு" பிரிவை மட்டும் போட்டுவிட்டு எஸ்.ஐ. கிளம்பப் பார்ப்பார். விடக்கூடாது.

இனி நம்ம ஆட்களோடு ஒரு சண்டை. "நட்டஈடு கேட்பது சீர்திருத்தவாதம், பிணத்துக்கு விலை பேசுறது, வேலை ஒழியணும்னு போராடுவோம்" என்று சில தோழர்கள் எழுதுகிறார்கள். வேலை ஒழியணும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனா அதை எழுதுகிற தோழருக்கு மாசாமாசம் ஒன்றாம் தேதி சம்பளம், எனக்கும்தான். புருசன் குழியில் செத்து மூணு பிள்ளையோடு நிக்கிற பொம்பளை கிட்டே போய், கோட்பாட்டுச் சுத்தத்துக்காகப் பட்டினி கிடன்னு சொல்ல நாம் யார்? நட்டஈடு கேட்கும்போது முதலாளி பேரும், காண்ட்ராக்டர் பேரும், குழிக்குச் சொந்தமான நகராட்சியின் பேரும் ஒரே காகிதத்தில் ஏறுது. சாவு விதியால் வந்ததில்லை, ஆள் வச்சு நடத்தினதுன்னு ஒரு அரசாங்கக் கோப்பில் பதிவாகுது. அண்ணலே 1942இலிருந்து 1946 வரை வைசிராய் சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர். 1938இல் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரியையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சண்டை முதலில் நடக்கிற இடம் கோர்ட் இல்லை, பிணவறை வாசல். காண்ட்ராக்டர் ஒரு கவரோடு வருவார், கூடவே ஊர்ப் பெரியவர், வட்டச் செயலாளர். "கேஸு கீஸுன்னு அலையாதம்மா" என்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் ரேகை வாங்குவார்கள். அந்தத் தாள் செல்லாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது. சாவுக்கான நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது, ஆணையரிடம் கட்டணும் என்றது 8ஆம் பிரிவு. காண்ட்ராக்டர் ஓடிப்போனாலும் வேலையைக் கொடுத்த மூல முதலாளி பொறுப்பு என்றது 12ஆம் பிரிவு. தொகுப்பிலும் இவை தொடருது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி கடைசியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் சரிந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தமும் இல்லை, மொழியும் இல்லை. அந்த மாதிரி ஆட்களுக்குப் பிணவறை வாசலில் பக்கத்தில் போய் நிற்பது நம்ம வேலை.

ஆக, செய்யவேண்டியது சாவுக்கு முன்னாலேயே தொடங்கணும். கூலிக்கு ஆதாரம்தான் எப்பவும் இடிக்கிற இடம். மேஸ்திரியின் நோட்டுப் பக்கத்தை இப்பவே போனில் படம் எடுத்து வையுங்க. கூலியில் ஒரு பகுதியையாவது கணக்கில் போடச் சொல்லுங்க, பாஸ்புக் வரியை எவனும் மறுக்க முடியாது. கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் பேர், விலாசம் இருக்கட்டும். மனுப்போட இரண்டு வருஷம் கெடு. தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு. என் கிளைக்கு வருகிறவருக்குக் கெடு தாண்டிவிட்டது. படிப்பில்லை, யாரும் சொல்லவில்லை என்பதைக் காரணமாக எழுதி மனு தயாராகிக்கொண்டிருக்கு. முதலாளி மேல் மனுப்போட அவருக்கு மனசு வர மூணு மாசம் ஆச்சு. மனுவின் கடைசிப் பக்கத்தில் வலது கட்டைவிரலை வைத்திருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புத் தொட்டி வேலையாட்கள் இருக்கிற தெருவுக்குப் போறோம். பேர், வயசு, என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன கூலி, உடம்புக்கு என்னன்னு எழுதி எடுக்கணும். பெண்களிடம் கேட்க மாணவிகள் நாலு பேராவது வேணும். கையெழுத்து நல்லா இருக்கிறவங்க முதல்ல பேர் கொடுங்க. இப்போ கேள்வி இருந்தா கேளுங்க.