பழைய படகுக்கு ஒரு புதிய வண்டி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



கடலைப் பற்றி நம் கவிஞர்கள் நிறையப் பாடியிருக்கிறார்கள். அலை, ஓடம், வலை, மீன், கரையில் காத்து நிற்கும் பெண் என்று நெய்தல் நிலத்தின் பொருள்கள் பலவும் கவிதைக்குள் வந்துவிட்டன. ஒரு பொருள் மட்டும் அதிகம் கவனிக்கப்படாமல் கரையிலேயே நின்றுவிட்டது. படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோய், மீண்டும் மணலில் ஏற்றி வைக்கும் வண்டிதான் அது. இன்றைய பேச்சு அந்த வண்டியைப் பற்றியது.

திருக்குறளில் இடனறிதல் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. வலிய சக்கரமுள்ள தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்பது அதன் பொருள். அவரவர்க்கு உரிய இடத்தை உணர்த்த வள்ளுவர் அப்படிச் சொன்னார். ஆனால் மருதமுனைக் கரையில் தொழில் செய்பவர், போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையுமாக, படகை நிலத்திலும் ஓட்டியாக வேண்டும். வள்ளுவர் முடியாது என்று காட்டியது இவருக்கு அன்றாட வேலை.

ஏன் இந்தப் பாடு? பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என்று நீளும் கரை ஏறக்குறைய நேரான மணற்கரை. படகு ஒதுங்க ஆழமான குடா கிடையாது. உலகில் சில இடங்களில் கடல் ஒரே நாளில் பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அங்கே நீர் பெருகும்போது படகை மேலே கொண்டுவந்தால், வற்றும்போது அது தானாகவே தரையில் அமர்ந்துவிடும். இலங்கையைச் சுற்றிய கடலில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட இல்லை. எனவே கடல் நமக்காகப் படகைத் தூக்கி வைக்காது; மனிதர்தான் தூக்க வேண்டும். வாடைக் காலத்தில் அலை கரையைக் கடித்துக்கொண்டு மேலே வரும். அப்போது படகை இன்னும் தூரம் இழுக்க வேண்டும்.

அக்காலத்தில் இழுத்தது கைகளும் தோள்களும்தான். அடியில் உருளைக் கட்டைகளைப் போடுவார்கள். பின்னால் விடுபட்ட கட்டையை ஒருவர் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். எல்லோருடைய பலமும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் படகு அசையும். அதற்காகவே பிறந்தவை அம்பாப் பாடல்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கி இழுப்பார்கள். நாட்டார் இலக்கியம் என்று நாம் இன்று படிக்கும் அந்தப் பாட்டு, ஒரு காலத்தில் கயிற்றைப் போலவும் கட்டையைப் போலவும் ஒரு தொழிற் கருவி.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் முக்கால் பங்கு அழிந்தன அல்லது சேதமடைந்தன. மறு ஆண்டு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற விதி அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்ட போதிலும், கரையோரத்துக் குடும்பங்கள் பல உள்ளே பெயர்ந்துவிட்டன. முன்பு படகு கரை தட்டியதும் ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடிவருவார்கள். இப்போது படகு ஓரிடம், வீடு வேறிடம். உழவு இயந்திரமும் சக்கரமும் தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரலைக்குப் பின் உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே அதைப் பற்றி எச்சரித்தது. அந்தக் காலத்துப் படகுகளில் இன்னும் கடலுக்குப் போகின்றவற்றுக்கு இப்போது இருபது வயதாகிவிட்டது.

அத்தகைய படகு வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “காக்கா, படகு இன்னும் நல்லாத்தான் இரிக்கி. வண்டிதான் உக்கிப் போயித்து. புதுசு வாங்கிறதா, பழசையே ஒட்டி ஓட்டிறதா?”

கேள்வி சிறியது. ஆனால் கடனுக்குப் பணம் எடுத்துத்தான் எதையும் வாங்க வேண்டிய ஒரு வீட்டின் கேள்வி அது. விசாரித்து அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பாரம். படகு வாங்கிய நாளில் சொன்ன எடையை நம்பி வண்டி வாங்கக் கூடாது. பழைய படகு கனத்திருக்கும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் இழையும் பசையும் ஏறியிருக்கும். பின்பலகையின் மரம் தண்ணீர் குடித்திருக்கும். அதன்மேல் இயந்திரம் ஏறக்குறைய ஐம்பது கிலோ, நாற்பது லீற்றர் எண்ணெய் முப்பது கிலோவுக்கு மேல், ஐஸ், மீன், அத்தோடு ஈர வலை. இன்றைய பாரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் தாங்கும் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். மென்மையான மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் சொன்னவரும் வள்ளுவர்தான்.

இரண்டாவது, தாங்கும் இடம். படகின் எடை ஓரிரு புள்ளிகளில் மட்டும் தங்கினால் பழைய கண்ணாடியிழை அந்த இடத்தில் வெடிக்கும். அடிமரம் முழுதும் ஆறுதலாக அமர வேண்டும். இயந்திரம் தொங்கும் பின்பகுதிக்கு நேர் கீழே தாங்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது, உப்பு. வர்ணம் பூசிய இரும்பு வெளியே பளபளக்கும். குழாய்க்குள்ளே துரு தின்னும். நாகம் பூசிய இரும்பு விலை கூடினாலும் நாள் நிற்கும். சக்கரத்தின் பெயறிங்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தூரம் ஓடிச் சூடான சக்கரத்தை உடனே கடலில் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி உப்பு நீரை உள்ளே இழுத்துவிடும். சற்று ஆறவிட்டு இறக்குவதும், வந்தபின் நல்ல தண்ணீரில் கழுவிக் கிறீஸ் போடுவதும் பணமில்லாத வைத்தியம். மணலுக்கு அகலமான டயர் நல்லது. காற்றைச் சற்றுக் குறைத்தால் புதையாது.

சட்டம் உறுதியாக இருந்து, அச்சும் பெயறிங்கும் மட்டும் போயிருந்தால் அவற்றை மாற்றினால் போதும். சட்டமே உக்கியிருந்தால் ஒட்டுவது வீண். ஒட்டு விட்டுப்போகும் நாள், வண்டியோடு படகும் உடையும் நாளாகிவிடலாம்.

நேயர்களே, மாற்று அச்சு என்ற சிந்தனை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, வழியில் மேடும் பள்ளமும். என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். கடற்கரையிலிருந்து உப்பேற்றிப் போனவனின் முன்யோசனை ஒரு மன்னனுக்கே உவமையாயிற்று.

இனி, என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். படகு இழுக்கக் கை கொடுத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுப்பது நம் கரையின் வழக்கம். கடலுக்குப் போக முடியாத முதியவரும், வாப்பாவை இழந்த பிள்ளையும் அந்த மீனை யாசகமாக வாங்குவதில்லை. தோள் கொடுத்து உரிமையோடு வாங்குகிறார்கள். வண்டி வந்தால் அந்தத் தோள் தேவைப்படாது. அந்த மீன் என்னவாகும்?

வண்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பு ஒடிந்தவர்களைக் கேட்டால் தெரியும் இழுப்பதன் அருமை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியதையும், அதன் வடபுறக் கரையைக் கடல் அரித்ததையும் பார்த்தோம். துறைமுகம் வந்தாலும் சிறு படகுகள் மணலில்தான் ஏற வேண்டியிருக்கிறது. எனவே வண்டி வேண்டும். இரண்டு மூன்று படகுக்காரர் சேர்ந்து ஒன்றை வாங்கினால் கடன் சுருங்கும். அதைக் கழுவவும் கிறீஸ் போடவும் காவல் பார்க்கவும் அந்த முதியவரையே வைத்தால் கறிக்கு மீனும் நிலைக்கும்.

அம்பாவைப் பொறுத்தவரை, இழுக்கும் கயிறு போனபின் பாட்டு தானாக நிற்காது. அதைத் தொண்டையில் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, பதிந்து வைப்பது எழுதப் படிக்கத் தெரிந்த நமது வேலை. படகுக்காரர் தம் வண்டியைப் பார்த்துக்கொள்வார். பாட்டுக்கு நாம்தான் சேமவச்சு.