இராட்டினமும் பெற்றோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் மொழியின் சிறப்பையோ இலக்கியத்தின் நயத்தையோ பேசுவது வழக்கம். எனக்குத் தந்திருக்கும் பொருளோ பொழுதுபோக்குப் பூங்கா. இதனை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்திருக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். இளைஞர் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஏறுவார், இறங்குவார், மறுபடியும் ஏறுவார். கையில் பையுடன் கீழே நிற்பவனுக்குத்தான் பேசுவதற்கு நேரமும் உண்டு, பொருளும் உண்டு.

நம் ஊரிலிருந்து மைசூர்ச் சாலையில் உள்ள பிடதிக்குச் செல்வது இப்போது எளிதாகிவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் மஞ்சள் தடத்து மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்தே புறப்படுகின்றது. ஆர்.வி. சாலையில் பச்சைத் தடத்திற்கும், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்திற்கும் மாறிச் சல்லகட்டாவில் இறங்கினால், எஞ்சிய வழியைப் பேருந்தில் கடந்துவிடலாம். அங்கே வொண்டர்லா பூங்கா 2005-இல் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, 2000-ஆம் ஆண்டிலேயே கொச்சிக்கு அருகில் வீகாலாண்ட் என்ற பெயரில் ஒரு பூங்காவைக் கண்டவர். அதற்கு முன் அவர் ஸ்டெபிலைசர் செய்து விற்றவர். வீட்டுக்குள் மின்சாரம் ஏறி இறங்காமல் காத்த ஒருவர், வெளியே மனிதரை ஏற்றி இறக்கத் துணிந்தது வேடிக்கைதான். தமிழ்நாட்டில் 1995-இலேயே தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா தோன்றிவிட்டது. அதைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்தவர். குழந்தையின் கண் வியப்பால் விரிவதற்குப் பெற்றோர் பணம் கொடுப்பர் என்பதை அவர் திரையரங்கிலேயே கண்டுகொண்டார் போலும்.

பிடதிப் பூங்காவுக்கு நான் மூன்று முறை சென்றிருக்கின்றேன். முதன்முறை 2006-இல். அப்போது இங்குள்ள ஓர் இயந்திரத் தொழிற்கூடத்தில் பயிற்சியாளன். அறைத் தோழர் எண்மர், இரவு வேலையை முடித்துக்கொண்டு உறங்காமலே புறப்பட்டோம். எதில் ஏறினோம், எத்தனை முறை ஏறினோம் என்பதற்குக் கணக்கே இல்லை. மதிய உணவை மறந்தோம். அலைக்குளத்தில் ஒருவனுடைய செருப்பு போயிற்று, அதற்கும் சிரித்தோம். அந்தப் பூங்காவில் நிழல் எங்கே இருந்தது, குடிநீர் எங்கே இருந்தது, அமர்வதற்குப் பலகை இருந்ததா என்று அன்று என்னைக் கேட்டிருந்தால், ஒன்றும் சொல்லத் தெரிந்திராது.

இரண்டாம் முறை 2017-இல். மனைவி உடன் வந்தாள். நான்கு வயது மகள் தோளில் வந்தாள். பூங்கா அதேதான், ஆனால் நான் கண்டது வேறோர் ஊர். மாற்றுடை மூன்று, பால் புட்டி, துண்டு, காய்ச்சல் மருந்து, பொரி உருண்டை, இத்தனையும் கொண்ட பையை முதுகில் சுமந்து, நிழல் எங்கே, நீர் எங்கே, கழிப்பிடம் எத்தனை அடி தொலைவு என்று படை நடத்தும் தளபதியைப் போல அளந்துகொண்டே நடந்தேன். வானளாவிய இருப்புப் பாதையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தரையில் ஈரம் வழுக்குமோ என்பதையே பார்த்தேன். கூட்டத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் மஞ்சள் சட்டையே அணிந்திருந்தனர் போலத் தோன்றிற்று. ஏனெனில் என் மகளும் மஞ்சள் சட்டை.

அன்று முழுவதும் அவள் விரும்பியது என்ன தெரியுமா? நூற்றுக்கணக்கில் கட்டணம் கொடுத்து உள்ளே அழைத்துச் சென்ற பிள்ளை, தரையிலிருந்து பீறிட்டு எழும் ஒரு சிறு நீரூற்றின் அருகே ஒன்றரை மணி நேரம் நின்றாள். நீர் எழும்போது கை வைப்பாள். அடங்கும்போது குனிந்து துளைக்குள் பார்ப்பாள். கொடுத்த பணத்தை நினைத்து நான் துடித்தது அரைமணி நேரம். அதன் பிறகு, நீர் எப்பொழுது எழும் என்று நானும் அவளோடு குனிந்து காத்திருந்தேன்.

வள்ளுவர் மக்கட்பேற்றில் உடலுக்கும் செவிக்கும் நாவுக்கும் பிள்ளை தரும் இன்பத்தை எடுத்துரைக்கின்றார். கண்ணுக்கு என்ன இன்பம் என்பதைத் தனியே கூறக் காணோம். பிள்ளை பார்ப்பதைப் பார்ப்பது என்றோர் இன்பம் உண்டு என்பதை நான் அந்த நீரூற்றின் அருகில் அறிந்தேன்.

பூங்காவின் வாயிலில் ஓர் அளவுகோல் நிற்கின்றது. அங்கே சிறுவர் யார், பெரியவர் யார் என்பதை வயது முடிவு செய்வதில்லை. உயரமே முடிவு செய்கின்றது. வேகம் மிகுந்த பல விளையாட்டுகளுக்கு 140 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கவேண்டும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாலுக்குச் சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு ஊசல் என்றும் கடைசிப் பருவங்களை வைத்தனர். உருளுவதும் ஆடுவதும் பிள்ளைமையின் முடிவில் வருவன என்று அவர்கள் கண்டிருந்தனர். இந்நாளில் அந்த வேலையை வண்ணம் தீட்டிய கோல் ஒன்று செய்கின்றது. கோலின் கீழே நின்று குதிகாலை உயர்த்தும் பிள்ளைகளையும், தலைமுடியை மேலே வாரிவிடும் தாய்மாரையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். இருக்கையின் தடுப்புக் கம்பி உடலின் அளவு பார்த்து அமைக்கப்பட்டது. கோல் ஏமாறும், கம்பி ஏமாறாது.

இயந்திரங்களோடு வாழும் ஊர் நம் ஊர். ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொல்லலாம். 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்சன் அமைத்த முதல் வண்டி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே ஓடிற்று; மிதிவண்டி முந்திவிடும். இன்றைய வேகத்துக்கு வழிவிட்டது ஒரு சிறு சக்கரம். தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம் போதாதென்று, அதன் அடியிலும் ஒரு சக்கரத்தைப் பொருத்தும் முறைக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். வண்டி மேட்டின் உச்சியில் துள்ளினாலும் தண்டவாளத்தை விட்டு எழாது. ஏறும்போது ‘கடகட’ என்று கேட்கும் ஒலி, இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதவாறு பல் மாட்டிக்கொள்ளும் ஒலி. இளமையில் அவ்வொலி எனக்கு நடுக்கம் தந்தது. தந்தையான பின் அதைத் தாலாட்டாகக் கேட்கின்றேன். அது நின்றால்தான் அச்சம்.

ஆயினும் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. 2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் இராட்டினம் ஒன்று முறிந்து இருவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அச்செய்தியைப் படித்த நாள் முதல் நான் எந்தத் திருவிழா இராட்டினத்தின் அருகே சென்றாலும் முதலில் போல்டைப் பார்க்கின்றேன். பிறகு பேரிங் எழுப்பும் ஓசையைக் கேட்கின்றேன். நம்மில் பலரும் அவ்வாறு செய்வோர் என்றே நினைக்கின்றேன். பிள்ளைக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று மனைவிமார் கடிந்துகொள்ளலாம். கடியட்டும்.

பெற்றோர் கீழே நிற்பதற்கு உடலும் ஒரு காரணம். காதின் உட்புறத்தில் சமநிலை அறியும் உறுப்பு ஒன்று உண்டு. அது சொல்வதும் கண் சொல்வதும் முரண்படும்போது தலை சுற்றும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சுழலாமல் இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது குடை இராட்டினத்தில் ஏறிப் பாருங்கள்; இறங்கிய பிறகும் பூங்கா சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி, ஒரு பூங்காவின் பிறப்பையே பாருங்கள். வால்ட் டிஸ்னி தம் இரு பெண்மக்களையும் விடுமுறை நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். பெண்கள் மரக்குதிரை இராட்டினத்தில் சுற்றுவர். அவர் பலகையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். 1955 ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. உலகில் இன்று கோடிக்கணக்கானோர் செல்லும் டிஸ்னி பூங்காக்களுக்கு மூலம், கடலை தின்று சலித்த ஒரு தந்தையின் பலகை. எனினும் அப்பலகை ஒழிந்துவிடவில்லை. எந்தப் பூங்காவிலும் கைப்பைகளுக்குக் காவலாகத் தந்தையர் இருவர் மூவர் அமர்ந்திருக்கக் காணலாம்.

என் தந்தையாருக்குப் பலகையும் வாய்க்கவில்லை. சிறுவயதில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு எங்களை அழைத்துச் செல்வார். இராட்டினத்துக்கு இரண்டு சீட்டு வாங்குவார், எனக்கொன்று, தம்பிக்கொன்று. எங்கள் செருப்புகள் இரண்டு சோடியையும் கையில் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். தொட்டில் மேலேறும்போது அவர் சிறுத்துப்போவார்; இறங்கும்போது முகம் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அம்முகம் எங்களையே நோக்கி இருந்தது. மூன்றாம் சீட்டு ஏன் வாங்கவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. காசு இல்லாமையா, தலைச்சுற்றா, அன்றி அவர் விரும்பிய காட்சியே கீழேதான் கிடைத்ததா? கேட்டு அறிய இன்று அவர் இல்லை. பிடதியில் மகளின் செருப்பைக் கையில் பிடித்து நின்றபோது, மூன்றாவதுதான் காரணமாய் இருந்திருக்கவேண்டும் என்று தோன்றிற்று.

மூன்றாம் முறை சென்ற ஆண்டு. மகள் 140-ஐக் கடந்துவிட்டாள். கோலின் அருகே நிமிர்ந்து நின்றாள்; காவலர் தலையசைத்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தோழியின் கையைப் பற்றிக்கொண்டு வரிசையில் ஓடினாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் தோளிலிருந்து இறங்க மறுத்தவள்! பை இலேசாக இருந்தது. பால் புட்டியும் இல்லை, மாற்றுடையும் ஒன்றே. இத்தனை இலேசான பையைச் சுமப்பது அவ்வளவு எளிதன்று என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இங்குள்ள நம்மவர் பலர் மூன்று முறை மாறும் வேலைக்காரர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு நால்வர் சென்று வரும் செலவு பல நாட் கூலி. அதனினும் அரியது, வாரத்தில் ஒரே ஓய்வு நாள். அந்நாளை முழுதாகப் பிள்ளையின் கையில் கொடுப்பதே பெரிய செலவு; சீட்டின் விலை அதற்கு அடுத்ததுதான். ஆகவே காலை பத்து மணிக்கே கட்டணத்துக்கு ஈடு காட்டு என்று பிள்ளையை விரட்டாதீர்கள். அது நீரூற்றின் அருகே நிற்குமானால் நிற்கட்டும். மிகச் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அவ்வளவு தொலைவும் வேண்டியதில்லை. பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா நமக்கு அருகிலேயே இருக்கின்றது. யானையைக் காண உயரக்கோல் இல்லை.

சங்கத்தின் சுற்றுலாவை இவ்வாண்டு பிடதிக்கே வைப்பதாகச் செயலாளர் சொன்னார். அவருக்கு இரண்டு விண்ணப்பங்கள். முதியோர் அமர நிழலுள்ள இடம் ஒன்றை முன்னதாகவே பார்த்து வைக்கவேண்டும். பெயர் பதியும் தாளில் பிள்ளைகளின் வயதோடு உயரத்தையும் எழுதிக்கொள்ளவேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு அளந்த உயரம்.