மரணத்தை விரும்பும் உள்ளத்துக்கு நமது பதில் என்ன?



புகழனைத்தும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே, அன்பின் வாலிப நெஞ்சங்களே!

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியான ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகம் செல்வான் என்று குடும்பமே எதிர்பார்த்திருந்த பிள்ளைக்கு இஸட் புள்ளி போதவில்லை. அவன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக் கொள்கிறான். உம்மா சாப்பிட அழைக்கிறார். "எனக்கு ஒன்றும் வேண்டாம் உம்மா. நான் இல்லாமல் போனால்தான் உங்கள் எல்லோருக்கும் நிம்மதி" என்று உள்ளிருந்து பதில் வருகிறது. கத்தாரில் உழைக்கும் வாப்பாவுக்குச் செய்தி போகிறது. அவர் தொலைபேசியில், "இப்படிப் பேசுவதே ஹராம். எழும்பி வுழூச் செய்து இரண்டு ரக்அத் தொழு" என்று கண்டிக்கிறார்.

அந்த வாப்பா மார்க்கத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பிள்ளை மீது அவருக்கு அன்பில்லை என்றும் கூற முடியாது. ஆயினும் அந்தக் கதவு திறக்கவில்லை. அது ஏன் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

தற்கொலை ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் எவரும் இல்லை. ஸூரா அந்நிஸாவின் 29ஆம் வசனம் நம்மை நாமே கொன்று கொள்வதைத் தடுக்கின்றது. அதே வசனம், அல்லாஹ் நம்மீது பேரன்புடையவனாக இருக்கின்றான் என்ற செய்தியோடுதான் முடிவடைகின்றது. வசனத்தின் முற்பகுதியை மிம்பர்களில் அடிக்கடி கேட்கின்றோம். பிற்பகுதியை நமது வீடுகளில் எத்தனை பேர் நடைமுறைப்படுத்துகின்றோம்?

அன்பானவர்களே! மரணித்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய ஓர் உள்ளத்தை அல்குர்ஆனே நமக்குக் காட்டித் தருகின்றது. அந்த உள்ளம் ஈமானில் குறைந்த ஒருவருடையது அல்ல. உலகப் பெண்களுக்கு மேலாக அல்லாஹ் தேர்ந்தெடுத்த மர்யம் (அலை) அவர்களுடையது. ஸூரா மர்யமின் 22 முதல் 26 வரையுள்ள வசனங்களை வீட்டுக்குச் சென்றதும் தர்ஜமாவோடு ஓதிப் பாருங்கள். பிரசவ வேதனை ஒருபுறம், ஊர்ப்பேச்சின் அச்சம் மறுபுறம். தனிமையில் ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய அன்னார், இதற்கு முன்னரே மரணித்து, அடியோடு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்று மனம் வெதும்பினார்கள்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? கண்டனம் வரவில்லை. ஈமானை வளர்த்துக் கொள் என்ற உபதேசமும் அந்த வேளையில் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலே முதலில் வந்தது. அடுத்து, காலடியில் ஓடும் நீரும், மரத்திலிருந்து உதிரும் கனிந்த பேரீச்சம் பழமும் காட்டப்பட்டன. உண்ணுமாறும், பருகுமாறும், கண்குளிர்ந்திருக்குமாறும் கூறப்பட்டது. அதன் பின்னர், மனிதர் எவரேனும் எதிர்ப்பட்டால் இன்று பேசுவதில்லை என நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடுமாறு வழிகாட்டப்பட்டது. அதாவது, ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமை அன்றைய தினம் அன்னாரின் தோள்களிலிருந்து இறக்கி வைக்கப்பட்டது.

ஆறுதல், உணவும் நீரும், ஊர்ப்பேச்சிலிருந்து பாதுகாப்பு. உடைந்து போன ஓர் ஆத்மாவுக்கு அல்லாஹு தஆலா முதலில் அருளியவை இவைதாம். நமது இல்லங்களிலோ இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கின்றது. முதலில் தீர்ப்பு வழங்குகின்றோம். பின்னர் மாமா, சாச்சா, அயல்வீட்டார் அனைவருக்கும் செய்தி சொல்கின்றோம். ஆறுதலை இறுதியில் வைக்கின்றோம். அதற்குள் சில வேளைகளில் காலம் கடந்து விடுகின்றது.

நிலைமையை அறியாமல் தீர்ப்புக் கூறுவதன் ஆபத்தை நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்று உணர்த்துகின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பிரயாணமொன்றில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் வினவினார். இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். இதைக் கேள்வியுற்ற நபியவர்கள் கடுமையாக வருந்தி, அவர்களே அவரைக் கொன்று விட்டார்கள் என்றும், அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றும் கண்டித்தார்கள். தலையிலுள்ள காயம் கண்ணுக்குத் தெரியும். உள்ளத்திலுள்ள காயம் தெரியாது. எனவே, அங்கே கேட்டறிய வேண்டிய கடமை இன்னும் அதிகமாகின்றது.

எதைக் கேட்பது? மரண எண்ணம் வருகின்றதா என்பதையே நேரடியாகக் கேட்க வேண்டும். "மகன், செத்துப் போகணும் என்று நினைப்பு வருதா? என்னிடம் சொல்லு, நான் கோபிக்க மாட்டேன்" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் எனப் பலர் அஞ்சுகின்றனர். இது தவறான அச்சம். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதும், பேசக் கிடைத்த வாய்ப்பே பலருக்குப் பாரத்தைக் குறைக்கின்றது என்பதும் ஆய்வுகளால் அறியப்பட்ட உண்மைகள். கேட்ட பின்னர் குறுக்கிடாது செவிமடுங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சொல்லாதீர்கள். காஸாவில் உள்ளவர்களைப் பார் என்று ஒப்பிடாதீர்கள். மற்றவரின் துன்பம் பெரிது என்பதால் இவரது துன்பம் இல்லாமல் போய்விடாது.

யாரிடம் கேட்பது? சில அடையாளங்களைக் கவனியுங்கள். நான் உங்களுக்குப் பாரம், இனி எதுவுமே சரிவராது என்ற பேச்சு. உறக்கம் கெடுதல். ஜமாஅத்துக்கும் விளையாட்டுக்கும் வந்து கொண்டிருந்தவர் ஒதுங்கிக் கொள்ளுதல். பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்து விடுதல். காரணமின்றி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெறுவதுபோல் பேசுதல். போதைப்பொருளை நாடுதல். நீண்ட நாள் வேதனையில் இருந்தவர் திடீரென அமைதியடைந்து விடுதலும் எப்போதும் நல்ல அறிகுறியாக இருப்பதில்லை. முன்னர் ஒரு தடவை முயன்றவர் விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சொல்பவன் செய்ய மாட்டான் என்று நம்மவர் கூறுவர். இதை நம்பி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

நேயர்களே! நமது நாட்டின் அனுபவத்திலேயே நமக்குப் பெரும் படிப்பினையொன்று உண்டு. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. அது உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாகும். அவற்றுள் பெரும்பாலானவை விவசாயக் கிருமிநாசினிகளால் நேர்ந்தவை. 1984ஆம் ஆண்டு தொடக்கம் மிகக் கொடிய நச்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறைய 70 சதவீதத்தால் குறைந்தது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளினால் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இதன் பொருள் என்ன? பலர் ஓரிரு நிமிடக் கோபத்திலும் விரக்தியிலுமே அந்த முடிவுக்கு வருகின்றனர். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாவிட்டால், அந்த அலை கடந்து விடுகின்றது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. எனவே, வயலுக்கும் தோட்டத்துக்கும் வாங்கிய கிருமிநாசினியை வீட்டினுள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். மீதமுள்ள மாத்திரைகளை அலுமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் கடும் மனவேதனையில் இருக்கும் நாட்களில் சாவியைப் பொறுப்பான ஒருவரே வைத்திருக்கட்டும். அவரைத் தனியே விடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நமக்குக் கற்பித்தவர் நமது நபியவர்களே.

அடுத்து, வைத்தியம் பற்றிய விடயம். நோயை இறக்கியவன் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான். ஆகவே மருந்து செய்து கொள்ளுங்கள் என்பது நபிவழி. மனநோயை அதிலிருந்து நீக்கிவிட எவருக்கும் அதிகாரம் இல்லை. ஹிஜ்ரி 322இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற அறிஞர், உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய தமது நூலில், காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாத கவலையையும் வேறு பிரித்து, பிந்தியதற்கு உடல்சார்ந்த காரணம் இருப்பதாகவும் அதற்கேற்ற சிகிச்சை வேண்டும் என்றும் விளக்கியுள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் முஸ்லிம் அறிஞர் உணர்ந்ததை நாம் இன்று மறுக்கலாமா? ஓதிப் பார்ப்பதை விட்டுவிடுமாறு நான் கூறவில்லை. துஆவும் திக்ரும் நமது கேடயங்கள். ஆனால், ஜின் பிடித்துள்ளது என்று மாதக்கணக்கில் அலைந்து, வைத்தியரிடம் செல்வதைப் பிற்படுத்துவது அமானிதத்துக்கு இழைக்கும் அநீதியாகும்.

சட்டம் பிடித்துவிடும் என்ற பயத்தில் மறைப்போரும் உள்ளனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டு விட்டது. எனவே, அச்சமின்றி அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. உயிராபத்தான வேளையில் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். பேசி ஆலோசனை பெறத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் உண்டு. 1333 என்ற இலக்கத்திலும் கட்டணமின்றி உளவளத்துணை பெறலாம். 1974ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்களும் இரகசியம் பேணிச் செவிமடுக்கின்றனர்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரின் பெயரை ஊரில் பேசுபொருளாக்காதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கின்றான். திரும்பி வந்த முதல் வாரங்களே மிகவும் ஆபத்தானவை. நோயாளியைச் சுகம் விசாரிக்கச் செல்வதுபோல் அவரிடமும் செல்லுங்கள். சிறிது கஞ்சியோ பழமோ கொண்டு செல்லுங்கள்.

இத்தகைய மரணத்தால் ஒருவரை இழந்த குடும்பத்தினரே! உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோயின் வேதனை தாங்காமல் தமது கையில் தாமே காயம் விளைவித்து இறந்து போனார். துஃபைல் (ரலி) அவர்கள் அவரைக் கனவில் நல்ல நிலையில் கண்டார்கள். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டால் அல்லாஹ் தன்னை மன்னித்து விட்டதாகவும், கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவரது கைகளுக்கும் மன்னிப்பு வழங்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இவ்வாறு இறந்தவர் காபிராகி விடமாட்டார் என்பதற்கு இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதனையே ஆதாரமாகக் காட்டுகின்றார்கள். ஜனாஸாத் தொழுகை நடத்தப்பட வேண்டும் என்பதே ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மையான இமாம்களின் கருத்து. ஆகவே, அவருக்காக துஆச் செய்வதை எவருக்காகவும் நிறுத்தாதீர்கள். மஹல்லாவாசிகளே, அந்தக் குடும்பத்தை ஒதுக்காதீர்கள்.

இறுதியாக, இந்த வார்த்தைகளை இப்பொழுது தனிமையில் வாசித்துக் கொண்டிருக்கும் தம்பியே, தங்கையே! உனக்கும் அந்த எண்ணம் வருகின்றதென்றால், நீ ஈமான் இழந்தவன் அல்ல. நீ கெட்டவள் அல்ல. தாங்க முடியாத பாரம் ஒன்று உன்மீது இருக்கின்றது, அவ்வளவுதான். துன்பத்தால் மரணத்தை விரும்பும் நிலை வந்தால், வாழ்வு நலமாக இருக்கும் வரை வாழச் செய்யுமாறு அல்லாஹ்விடமே கேட்பதற்கு நபியவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். அப்படிப்பட்ட வேளை மனிதனுக்கு வரும் என்பதை அன்னார் அறிந்திருந்தார்கள். இன்றிரவு எந்த முடிவும் எடுக்காதே. உம்மாவிடமோ, ராத்தாவிடமோ, நாநாவிடமோ, ஓர் ஆசிரியரிடமோ இதைச் சொல். வாயால் சொல்ல முடியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. முதலாமவர் விளங்கிக் கொள்ளாவிட்டால் இரண்டாமவரிடம் சொல். 1926ஐ அழை.

சாத்தப்பட்ட அந்தக் கதவுக்குத் திரும்புவோம். இப்போது வாப்பா மறுபடியும் அழைக்கிறார். "மகன், பெறுபேறு கிடக்கட்டும். நீ இருப்பதுதான் எனக்கு வேண்டும். யாருக்கும் நீ பதில் சொல்லத் தேவையில்லை, நான் பார்த்துக் கொள்கிறேன். உம்மா சோறு வைத்துக்கொண்டு வாசலில் இருக்கிறார், கொஞ்சம் சாப்பிடு" என்கிறார். மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த பதிலில் இருந்தவை அனைத்தும் இதிலும் இருக்கின்றன. தொழுகையைப் பற்றி நாளை ஸுப்ஹுக்கு இருவரும் ஒன்றாக எழுந்து பேசலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் அமைதியை இறக்குவாயாக. அவர்களின் சொல்லைச் செவிமடுக்கும் காதுகளை எங்களுக்குத் தருவாயாக. எம்மை முந்திச் சென்றோரை மன்னிப்பாயாக. ஆமீன்.