பக்கத்தில் உட்கார்ந்து படிப்போம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி ஒரு இன்ஜினியர் பேச வந்துட்டானே" என்று சிலர் நினைக்கலாம். நான் மருத்துவக் கருவிகள் செய்யும் வேலையில் இருப்பவன். டாக்டர்களும் நர்ஸ்களும் எழுதும் கட்டுரைகளை நம்பித்தான் எங்கள் வேலை நடக்கிறது. கட்டுரை தப்பென்றால் கருவியும் தப்பு. அவஸ்தைப்படுவது நோயாளி.

ஒரு கட்டுரையை அச்சிடும் முன், அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, "சரியா இருக்கா பாருங்க" என்று இதழாசிரியர் கேட்பார். இதற்குத்தான் பியர் ரிவியூ என்று பெயர். இதை எந்த வகுப்பிலாவது சொல்லிக் கொடுக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை.

விளைவைப் பாருங்கள். 1998-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி, 420 பேருக்கு அனுப்பினார்கள். பதில் எழுதிய 221 பேர் சுட்டிக்காட்டியது சராசரியாக 2 குறைகள்தான்! பிறகு குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய முன்னேற்றம் இல்லை என்று 2004-இல் எழுதினார்கள். சரி, அனுபவசாலி ஒருவரைத் துணைக்கு வைத்தால்? அதையும் அமெரிக்காவில் 46 புதிய மதிப்பீட்டாளர்களிடம் செய்து பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவு: தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் வழிகாட்டியே வேண்டாமா? நான் அப்படி நினைக்கவில்லை. பெயருக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் போதாது என்பதுதான் இதில் எனக்குப் படும் பாடம். மருத்துவ மாணவர் நாடி பார்க்க எப்படிக் கற்கிறார்? பெரிய டாக்டர் பின்னால் வார்டு வார்டாக நடந்து, தானும் தொட்டுப் பார்த்து, திட்டு வாங்கித்தான். நாமும் லேத்தில் அப்படித்தானே கற்றோம்? கட்டுரை படிப்பதையும் படிக்கிற காலத்திலேயே அப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

என்ன கேட்கப் பழக்குவது? ஒரு உதாரணம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை கொரோனா காலத்தில் வாங்காத தெரு இல்லை. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 1990-இலேயே ஒரு கட்டுரை இந்தக் குறையைச் சொல்லியிருந்தது. "இதை யார் விரலில் சோதிச்சீங்க?" என்று ஒவ்வொரு கட்டுரையிடமும் விடாமல் கேட்டிருந்தால் 30 வருஷம் போயிருக்குமா? நம் ஊர்த் தோல் நிறத்தை நினைத்துப் பாருங்கள். இது நம் வீட்டுப் பிரச்சினையும்தான்.

ஆகவே என் யோசனை இதுதான். வெளியான கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் முதலில் தன் கருத்தை எழுதட்டும். வழிகாட்டி தனியாக எழுதட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மாணவர்தான் முதலில் பேச வேண்டும், இது முக்கியம். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். சார் முதலில் வாயைத் திறந்துவிட்டால் பையன் வாயை மூடிக்கொள்வான்!

நாலைந்து கட்டுரை பழகியபின், அச்சுக்கு வராத கட்டுரையைச் சேர்ந்து பார்க்கலாம். அதற்கு இதழாசிரியரின் அனுமதி கட்டாயம் வேண்டும். அது ரகசிய ஆவணம். உழைத்த மாணவர் பெயரையும் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். குறையைச் சொல்லும்போது எழுதியவரைத் தாக்காமல், எதை எப்படித் திருத்தலாம் என்று சொல்லப் பழக்க வேண்டும்.

நம் பயோமெடிக்கல் மாணவர்களோடு, நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். நம்மில் ஒவ்வொருவரும் மாதம் ஒரு மணி நேரம், இரண்டு மாணவர்களுக்கு ஒதுக்க முடியாதா? கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்கிறோம், நல்லது. இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும். விருப்பமுள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.